நற்கருணை வரிசையில் சூயிங்கம்

பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வரவும் ஜெயங்கொண்டம் பல் டாக்டரம்மாவிடம் போனேன். பல்லின் அடியில் மாவுப் பசை போல ஒரு படலம் ஒட்டியிருக்கிறது, அதுதான் ஈறைக் கெடுக்கிறது என்றார். சுத்தம் செய்துவிட்டு, வாய் கொப்பளிக்க மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். அடேயப்பா, என்ன எரிச்சல்! பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி நாக்கு வெந்துபோனது. மறுபடி போய், "இது எனக்குச் சரிப்படாதுங்க, வேற ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

"அப்ப சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கி, சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மெல்லுங்க. எச்சில் நல்லா ஊறும், படலம் சேர்றது குறையும். ஆனா பல்லு தேய்க்கிறத மட்டும் விட்டுடாதீங்கம்மா."

பேரன் பேத்தி எடுத்த வயதில் சூயிங்கமா! "கிரிக்கெட் ஆடப் போறியா?" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல். போங்கள் என்று நான் பாட்டுக்கு மென்றேன். சும்மா இருக்கத் தெரியாத வாய் என்னுடையது. பேச ஆளில்லாத குறையை அது கொஞ்சம் தீர்த்தது.

ஆளில்லை என்றால், பக்கத்து வீட்டு நாத்தனாரோடு பேச்சில்லை. என் வீட்டுக்காரரின் தங்கை. நாங்கள் இருவரும் வேலியோரம் நின்று பேச ஆரம்பித்தால் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிடும். போன முந்திரி சீசனில் என் மரத்துக் கிளை அவள் பக்கம் சாய, உதிர்ந்த கொட்டைகளை அவள் பொறுக்கிவிட்டாள். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவளும் விடவில்லை. அதோடு சரி. எனக்குப் போய்ப் பேசத்தான் ஆசை. ஆனால் முதலில் யார் போவது? எனக்கு வீம்பு, அவளுக்கு என்னைவிட வீம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே இட்லி தின்றுவிட்டு, சூயிங்கத்தை மென்றபடி வேலையெல்லாம் முடித்து, பூசைக்கு ஓடினேன். மாதா கோயிலுக்குள் போனதும் அதைக் கடைவாயில் ஒதுக்கியவள் மறந்தே போனேன். சாமியார் தரும் நற்கருணை அப்பத்தை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் நாத்தனார். முன்னால் ரெண்டே பேர். அப்போதுதான் நாக்கில் அது தட்டுப்பட்டது. ஐயோ மாதாவே! நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. விறுவிறுவென்று திரும்பி என் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வரதராஜன்பேட்டையில் வரிசையில் நின்றவள் வாங்காமல் திரும்பினால், உள்ளே ஏதோ பெரிய பாவம் உறுத்துகிறது என்று அர்த்தம். எத்தனை கண்கள் என் முதுகில்! வீட்டுக்காரரே வழியில், "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றார். சொன்னேன். மனுஷன் நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் கையில் தூக்குச்சட்டியோடு வாசலில் நாத்தனார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, என்மேல உள்ள கோவத்தோட நன்மை வாங்கக் கூடாதுன்னுதானே திரும்பிட்டீங்க? நான் இத்தன நாளா உறுத்தாம வாங்கிட்டிருந்தேன் பாருங்க. இன்னிக்கு என்னால முடியல. உங்க பின்னாடியே நானும் திரும்பிட்டேன்."

ஆமாம் என்றால் நல்லவள் பட்டம் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் வந்த வழியே போய்விடுவாளோ என்று பயம். இருந்தும் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லடி. வாயில சூயிங்கம் இருந்துச்சு."

தூக்குச்சட்டியை என் கையில் திணித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அட போங்கண்ணி! அப்ப நான்தான் பைத்தியக்காரி மாதிரி திரும்பினேனா?"

"நீதான்டி ஒழுங்கா திரும்பினவ. உள்ள வா."

தூக்குச்சட்டியைத் திறந்தேன். முந்திரிப்பருப்புக் குழம்பு, இன்னும் சூடாக இருந்தது.

"உங்க மரத்துக் கொட்டதான். அன்னிக்குப் பொறுக்கினதுலேர்ந்து அப்படியே கெடந்துச்சு. திங்க மனசு வரல" என்றாள்.

ரெண்டு தட்டு எடுத்து வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு சூயிங்கத்தை மென்றபடி வேலியோரம் போய் நின்றோம்.