பழைய ராஜாக்களோட லைப்ரரியும் எங்க தோட்டத்து லைப்ரரியும்

தோட்டத்து லைப்ரரி வேலைக்கு ரெண்டே தகுதி வேணும்: எழுத்து தெரியணும், அவமானம் பழகியிருக்கணும். இதே வேலையில மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் வெளக்கத் தேவையில்ல. நான் மாட்டினது றக்வான பக்கத்து தேயிலத் தோட்டத்துல.

யாரு எரிச்சது?

நான் பாடம் சொல்லிக்குடுக்குற நைட் ஸ்கூல்ல, பழைய லைப்ரரிங்களப் பத்தி ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. அதுக்காகப் படிச்சப்போதான் தெரிஞ்சுது: நானூறு ஐநூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவுல சில பண்டிதருங்க, அதுக்கும் ரொம்ப முந்தின கிரேக்க, ரோம ராஜாக்களோட லைப்ரரிங்களுக்கு வரலாறு எழுதினாங்க. ஒன்னக்கூட அவங்க கண்ணால பாத்ததில்ல. எல்லாம் எரிஞ்சோ இடிஞ்சோ போச்சு. மிஞ்சின புத்தகங்கள்ல இங்க ஒரு வரி, அங்க ஒரு வரின்னு பொறுக்கித்தான் சேத்தாங்க.

கொழுந்து எடுக்குற பாக்கியம் அக்கா பேப்பர் வாசிக்க வரும். அதுக்கிட்ட இதச் சொன்னேன். பேப்பர கீழ வச்சுட்டுக் கேட்டுச்சு: "எரிச்சவன் பேரு எழுதியிருக்கா தம்பி, இல்ல நம்ம நாட்டுல வடக்குல லைப்ரரிய எரிச்ச மாதிரி யாரோதானா?"

பெட்டிசம்

அரசாங்கத்துக்கிட்ட இருந்த தோட்டம் கம்பெனிக்குப் போனதும் மேனேஜரா புது தொரை வந்தாரு. மாசக் கடைசிக்குள்ள லைப்ரரி ரூம காலி பண்ணணும், உரம் அடுக்கணும்னு ஓடர் போட்டாரு.

அந்தப் பண்டிதர்கள்ல ஒருத்தர் தன்னோட பிரபுவுக்காகத்தான் அந்த வரலாற எழுதினாராம்: பழைய ராஜாக்கள் லைப்ரரி கட்டினாங்க, பேரு நெலச்சுது, நீங்களும் ஆதரிக்கணும்னு. நல்ல வழியா இருக்கேன்னு நானும் அதே மாதிரி, லைப்ரரிய விட்டுவைக்கச் சொல்லி தொரைக்கு மூணு பக்கம் பெட்டிசம் எழுதினேன். அத டைப் அடிச்ச ஆபிஸ் பெரிய கிளாக்கர் கண்ணாடிய கழட்டிட்டுச் சொன்னாரு: "நம்ம தொரை என்ன ராஜாவா மாஸ்டர்? அவரே சம்பளத்துக்கு நிக்கிறவருய்யா."

தொரை வாசிச்சாரு

மூணு பக்கத்தையும் வாசிச்சாரு. அதுதான் தாங்க முடியல. ஆபிஸுக்குக் கூப்பிட்டு, ஒக்காரச் சொல்லி, "ஹரிம லஸ்ஸனய்", ரொம்ப அழகா இருக்குன்னு சிங்களத்துல பாராட்டினாரு. அப்புறம் சிங்களத்துலயே கேட்டாரு, "இதுல ஒரு லைப்ரரியாவது இப்ப இருக்கா?"

"இல்லீங்க சேர்."

பெட்டிசத்த மடிச்சு என் கையிலயே குடுத்தாரு. "ராஜாக்களாலேயே காப்பாத்த முடியல மாஸ்டர். என்ன ஏன் கஷ்டப்படுத்துறீங்க?"

அந்தக் காலத்துல

புத்தகங்கள, வேலைக்குப் போறவங்க கொழந்தைங்கள விட்டுட்டுப் போற பிள்ளை மடுவத்துக்குப் பின்னால அடுக்கினோம். பாதி கரையானுக்கு, மீதி அடுப்புக்கு.

சில வருசம் கழிச்சு கம்பெனி தோட்டத்தப் பத்தி ஒரு சிறப்பு மலர் போட ஏற்பாடு பண்ணுச்சு. அதே தொரை என்னத் தேடி வந்தாரு. சிரிச்சமொகமாத்தான் வந்தாரு. "மாஸ்டர், அந்தக் காலத்துல நம்ம தோட்டத்துல லைப்ரரி இருந்த வரலாற அழகா எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

எழுதிக் குடுத்தேங்க. உசுரோட இருந்தப்போ ஒரு ரூம் கெடைக்காத லைப்ரரிக்கு, செத்ததுக்கப்புறம் மலர்ல படத்தோட ஒரு முழுப் பக்கம் கெடச்சிச்சு.