முட்டிவலிக்காரிக்கு ஒரு மேஜை

எங்கள் டிரோல் மலையூரில் விடுதி நடத்தும் நோட்புர்கா, விருந்தினர் எந்தப் பனிச்சரிவில் சறுக்குவது என்பதை அவர்கள் வயிற்றைக் கேட்டுத்தான் சொல்வாள். சீஸ் உருண்டை சூப் பிடிக்குமென்றால் செவரினின் மலைக்குடிலுக்கு இறங்கும் சரிவு. அங்கே வெயில் விழும் மேஜையைப் போனிலேயே பிடித்துக் கொடுப்பாள். அவள் மட்டும் ஒருநாளும் போனதில்லை. அவளிடம் சமைக்கும் எனக்கு அதில் எரிச்சல்தான்.

வருடம் தவறாமல் வரும் விருந்தாளி ஹைக்கே இந்த முறை நோட்புர்காவிடம் கேட்டாள்: "எங்ககூட ஒரு முட்டிவலிக்காரி வர்றா. அவளுக்கு என்னக்கா செய்யலாம்?"

"கேபிள் கார்ல ஏத்தி விடு. வெயில் மேஜை, சூப். கேக் வேணாம், முட்டி தாங்காது." சொன்ன கையோடு செவரினுக்கும் போன் போட்டாள்.

மறுநாள் ஹைக்கே நோட்புர்காவுக்கே கோட்டை மாட்டிவிட்டாள். "கெளம்புங்க, அந்த முட்டிவலிக்காரி நீங்கதான்." அடுக்களையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே தள்ளினேன்.

மாலையில் மூக்கு சிவக்கத் திரும்பினாள்.

"செவரின் கேக்கே தரலடி. நாந்தான் வேணாம்னேனாம்."

"நல்லா வேணும். அப்புறம்?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "இத்தன வருஷமா எல்லாரையும் எங்க உக்கார வெச்சேன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். நல்ல எடமாத்தான் குடுத்திருக்கேன்."