தட்டில் குறைந்த ஒரு வடை

இன்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரோடு ஆறாவது, கடைசிப் பேச்சு.

சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் எனக்கு ஆறு வாரம் பேசினால் போதும் என்றிருந்தார். நான் நம்பவில்லை.

திரும்பும்போது பஸ் நிலையத் தேநீர்க்கடை. கடைக்கார நானா வழக்கம்போல வடைத் தட்டை முன்னால் வைத்தார். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்ததற்கு மட்டும் காசு. வாராவாரம் நான் பிளேன்டீ மட்டும் குடிப்பேன். தட்டு அப்படியே திரும்பும்.

இன்று ஒரு வடை சாப்பிட்டேன். முழுதாக.

நானா தட்டைப் பார்த்தார்.

"நாலு வச்சேனே. ஒண்ணு கீழ விழுந்திருச்சா, தங்கச்சி?"

"நான்தான் சாப்பிட்டேன், நானா."

"சும்மா சொல்லாதீங்க" என்று மேசைக்கடியில் குனிந்து தேடினார்.

எனக்கு ஆறு வாரம் போதுமாக இருந்தது. நானாவுக்கு இதை நம்ப எத்தனை வாரம் வேண்டும்? தெரிந்தவர்கள் ஒரு தபாலட்டை போடுங்கள்.