மறைப்புக்குள் மூன்று பேர்

ஸ்லேட் ஃபோர்க் பள்ளத்தாக்கின் தீயணைப்பு நிலையத்தில், தேர்தல் மேசையில் டெல்ஃபியா ராட்லிஃப் உட்காரத் தொடங்கி நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. கட்சிக்கு ஒருவராக இரண்டு அலுவலர்கள் இல்லாமல் சாவடியைத் திறக்க முடியாது. அவள் ஜனநாயகக் கட்சிக்கு. பக்கத்து நாற்காலியில் ஆர்வில் கூம்ஸ், குடியரசுக் கட்சிக்கு.

அவள் முதன்முதலாக உட்கார்ந்த தேர்தலில் அதிபருக்கு எண்ணி முடித்தபோது அவள் கட்சிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆர்வில் கட்சிக்குப் பத்தொன்பது. அப்போது நிலக்கரிச் சுரங்கம் ஓடியது, தொழிற்சங்கம் அவள் கட்சியின் பக்கம் இருந்தது. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஜனங்கள் வாக்காளர் பதிவேட்டில் தங்கள் கட்சியை மாற்றவில்லை. உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீப் யார் என்பது அவள் கட்சியின் உட்தேர்தலிலேயே முடிவாகிவிடும், அதில் ஓட்டுப் போட அந்தக் கட்சிப் பதிவு வேண்டியிருந்தது. அதிபர் என்று வந்தால் மட்டும் கை ஆர்வில் கட்சிப் பக்கம் போனது. போன தடவை அவள் கட்சிக்கு விழுந்தது நாற்பத்தொன்று.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று தன் கணவன் ஹோபர்ட்டுடையது என்று அவள் நம்பியிருந்தாள். வேலைநிறுத்தத்தில் பதினோரு மாதம் சுரங்க வாசலில் நின்றவன் அவன். அலுத்துப்போன ஒவ்வொரு தேர்தலிலும் அந்த நம்பிக்கைதான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது.

"என்ன டெல்ஃபியா, உன் கட்சிக்காரங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போயிட்டாங்களா?" என்றான் ஆர்வில்.

"ஒரு காலத்துல உன் கட்சிக்கு ஆள் இல்லாம, மலைக்கு அந்தப் பக்கம் வண்டி அனுப்பி உன்னை ஏத்திட்டு வந்தோம். மறந்துட்டியா? வாயை மூடிட்டுக் காப்பியைக் குடி."

பதினோரு மணிக்கு ஹோபர்ட் கோலைத் தட்டிக்கொண்டு வந்தான். சர்க்கரை நோய் இந்த வசந்தத்தில்தான் அவன் பார்வையை முழுக்கத் தின்று முடித்திருந்தது. உதவிக்கு வருவதாகச் சொன்ன அவன் தங்கை மகன் டென்னி உடன் வரவில்லை.

"டென்னியைத் திடீர்னு வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் இறக்கிவிட்டுப் போயிட்டாரு. பரவாயில்ல, நான் அப்புறமா போட்டுக்கறேன்."

"அப்புறம்னா? நாலு வருஷம் கழிச்சா?" ஆர்வில் எழுந்தான். "கண்ணு தெரியாதவங்களுக்கு நாங்க ரெண்டு பேரும்தானே உள்ள வரணும்? வாய்யா."

"டெல்ஃபிக்குப் பதிலா வேற யாராவது வரக்கூடாதா?"

"அவ கட்சியில இந்தப் பள்ளத்தாக்குல வேற யாரு மேசைக்கு வர்றா?" என்று சிரித்த ஆர்வில், ஹோபர்ட்டின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

டெல்ஃபியாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இருந்தும் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஓட்டுப் போடும் மறைப்புக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். பதவியின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மேல் அலுவலர் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"அதிபருக்கு?"

ஹோபர்ட் பெயரைச் சொன்னான். ஆர்வில் கட்சிக்காரரின் பெயர்.

"இது மூணாவது தடவை, டெல்ஃபி," என்றான் மெல்ல. "அந்த மேசையில நீ ஒத்தையா உக்காந்திருக்கே. வீட்டுலயும் ஒத்தையா ஆயிடுவியேன்னுதான் சொல்லல."

அவள் கண் நிறைந்து தாள் மங்கியது. எட்டு வருடம்! இரண்டு தேர்தலிலும் சாயங்காலம் அவள் சோர்ந்து வந்து விழுந்தபோது, பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்து வைத்து, "நம்ம ரெண்டு ஓட்டாவது இருக்கே" என்று தோளைத் தட்டியவன் இவன்தானே? ஆர்வில் பாவம், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்ன பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை விளிம்பு தாண்டாமல் கறுப்பாக்கினாள்.

"ஷெரீப்புக்கு?"

"அதுக்கு நம்ம ஆளுதான்," என்றான் கெஞ்சுவது போல.

அதையும் கறுப்பாக்கினாள். உதவிப் படிவத்தில் முதலில் ஆர்வில் கையெழுத்துப் போட்டான், பிறகு அவள். வெளியே வந்ததும் ஹோபர்ட் அவள் கையைத் தேடினான்.

"நான் வீட்டுக்கு வரலாமா, டெல்ஃபி?"

அவள் அவன் முழங்கையைப் பிடித்துச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எப்படிப் போவே, நடந்தா? ஆறு மணிக்குச் சாவடியை மூடிட்டுக் கூட்டிட்டுப் போறேன். எதுவா இருந்தாலும் அங்க வச்சுப் பேசிக்கலாம். எனக்கு இப்ப கோபப்படக்கூடத் தெம்பு இல்ல."

வரிசையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். டெல்ஃபியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் நின்றவரிடம் பெயர் கேட்டாள்.