சும்மா மணி

எங்கள் வார்டின் கவுண்டர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, போன வாரம் வரை. அது எப்படி ஒலிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஊதக்கூடாது என்று சொல்லி அதை மாட்டியவர் சிஸ்டர். அப்போது அவர்தான் வார்டின் தலைமைத் தாதி. நான் அவருக்குக் கீழே. வேலை பார்த்துக்கொண்டே இருவரும் பினாங்கில் ஒரே வகுப்பில் முதுகலை படித்தோம்: தாதிமை நிர்வாகமும் அவசரகால மேலாண்மையும். வகுப்பில் மட்டும் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

பெருநிலத்துத் தாசேக் கெலுகோரிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்து, பின்வரிசையில் கறிபஃப் தின்றுகொண்டே விரிவுரையாளரை மடக்குவார். வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆய்வுக்கு நாங்கள் வெள்ளம், தொற்றுநோய் என்று பெரிதாகத் தேடியபோது அவர் எடுத்துக்கொண்டது எங்கள் தீ எச்சரிக்கை மணியை. அதற்கு மருத்துவமனையில் 'சும்மா மணி' என்றே பெயர். தணிக்கைக்காரர்கள் வருமுன் ஒத்திகை மேல் ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் யாராவது, "சும்மாதான்லா, லத்திஹான்" என்பார்கள்; மலாயில் ஒத்திகை என்று அர்த்தம். யாரும் இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரும்; அவருக்கு வராது.

"நாம ஜனங்களுக்கு ஓடக் கத்துக் குடுக்கல தங்கச்சி, மணி அடிச்சா உக்காரக் கத்துக் குடுத்திருக்கோம். நடக்கிறவங்க எப்படியும் பொழச்சுக்குவாங்க. நம்ம வார்டுல படுத்திருக்கிறவங்கள யாரு தூக்குறது?"

எங்களுடையது பக்கவாத நோயாளிகளின் வார்டு. தீப்பிடித்தால் லிஃப்டும் நின்றுவிடும். நிர்வாகம் அவருடைய ஆய்வைப் பாராட்டி, படம் எடுத்து, மணியை அப்படியே விட்டுவிட்டது. மறுநாள் பசாரில் விசிலை வாங்கி வந்து மாட்டினார். "நெசமா நெருப்புன்னாதான் இது. லத்திஹானுக்கு ஊதினா இதுவும் சும்மா ஆயிரும்."

அவர் ஓய்வுபெற்ற பின் அந்த நாற்காலி எனக்கு வந்தது. இந்த வருடம் அவரே நோயாளியாகத் திரும்பி வந்தார், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சுப் போய். தனியாக இருக்க வேண்டாமே என்று கவுண்டருக்கு நேரெதிர்க் கட்டிலைக் கொடுத்தேன். பகலெல்லாம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தது. "சும்மாதான்லா," என்று ஒரு தாதி மீ நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னாள். ஒத்திகைக்கு நாள் குறிப்பவள் நான். அன்று எதையும் நான் குறிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், வாடை ஏதும் தெரியவில்லை. கீழே கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தபோது எதிரே தொப்பென்று சத்தம் கேட்டது.

அக்கா தரையில் கிடந்தார். அவருடைய இடது கை, பக்கத்துக் கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவிக்கத் துழாவிக்கொண்டிருந்தது.

நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடினோம், மணிக்காக அல்ல, அவருக்காக. தூக்கிப் படுக்க வைக்கும்போது மணி நின்றது. கீழேயிருந்து அழைத்து, ஒயரில் ஏதோ கோளாறாம், சும்மாதான் என்றார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்தார்.

விசில் இப்போது என் கழுத்தில் கிடக்கிறது. மணியை இன்னும் மாற்றவில்லை. இன்று காலையும் அடித்தது. யாரும் அசையவில்லை; அக்காவின் இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்தது.