ஐந்தில் ஒரு பங்கு ஆழம்

என் அக்கா இனிமையாகப் பழகத் தெரிந்தவள் இல்லை. பல்கலைக்கழக வேதியியல் துறையில் அவளுக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பட்டப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும் என்பது ஒரு காரணம். யாராவது அவள் மேசைப் பக்கம் வந்து பேச ஆரம்பித்தால் அதை அழுத்திவிடுவாள் என்பது இன்னொன்று. அவர் பேசி முடித்ததும், "நாலு நிமிஷம் பத்து செகண்ட். விஷயம் ஒண்ணுமில்ல" என்பாள். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பக்கமே வரமாட்டார்.

கூழ்மங்கள்தான் அவள் ஆராய்ச்சி. கரையவும் செய்யாமல், அடியில் படியவும் செய்யாமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கும் மிகச் சிறிய துகள்கள். ஆற்று நீரைக் கலங்க வைக்கும் களிமண் அப்படிப்பட்டது. ஒவ்வொரு துகளிலும் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். அந்த நீரை ஒரு கண்ணாடிச் செல்லில் அடைத்து, இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் துகள்கள் ஒரு பக்கமாக ஓடும். எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து எவ்வளவு மின்னூட்டம் என்று சொல்லலாம். இதற்கு எலெக்ட்ரோபோரசிஸ் என்று பெயர்.

"உம் பொண்ணு அங்க என்னதான் பண்றா?" என்று அத்தை ஒருமுறை அம்மாவிடம் கேட்டாள்.

"சேத்துத் தண்ணியப் பாக்கறா."

"பாத்து?"

"எவ்வளவு வேகமா ஓடுதுன்னு கணக்கெடுக்கறா."

"அது ஓடி எங்க போகப்போகுது?"

அக்கா தட்டிலிருந்து நிமிராமல், "உங்க வீட்டுக் குழாய்க்குத்தான் அத்தை" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், எந்த வகைக் கலங்கல் நீருக்கு எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். படிகாரம் துகளின் மின்னூட்டத்தைத் தணிக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். நகரத்து நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த அட்டவணை சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. தான் நினைத்த எண் வந்தால் பேராசிரியர் "சபாஷ்!" என்பார். வராவிட்டால் "மறுபடி பாரு" என்பார். எங்கள் வீட்டில் அவருக்கு 'சபாஷ்' என்றே பெயர்.

மூன்று வருஷம் அக்கா அவர் சொன்னபடியே அளந்தாள். நுண்ணோக்கியைச் செல்லின் நடு ஆழத்தில் குவித்து, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டின் வழியே ஒரு துகளைப் பிடித்து, அது ஒரு கட்டம் தாண்ட எத்தனை விநாடி என்று பார்ப்பாள். பிறகு மின்சாரத்தைத் திருப்பிவிட்டு அதே துகளை எதிர்த்திசையில் பார்ப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு துகள். வலது கண்ணைச் சுற்றி வளையமாகத் தடம் விழுந்திருக்கும்.

நான்காம் வருஷம் ஒரு நாள், செல்லில் ஊற்றியது போக மிஞ்சிய, படிகாரம் கலந்த களிமண் நீரைச் சோதனைக் குழாயிலேயே விட்டு வைத்தாள். மதியம் வந்து பார்த்தால் குழாயில் களிமண் திரண்டு அடியில் கிடக்கிறது, மேலே நீர் தெளிந்திருக்கிறது. அப்படித் திரண்டால் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மின்னூட்டம் தீர்ந்த துகள் அசையக் கூடாது. ஆனால் நுண்ணோக்கியில் அதே துகள்கள் காலையில் நன்றாக ஓடின.

வேறு யாராக இருந்தாலும் குழாயைக் கழுவி வைத்திருப்பார்கள். இவள் செல்லின் மேல் சுவரிலிருந்து கீழ்ச் சுவர்வரை இருபது ஆழங்களில் வேகத்தை அளந்தாள். ஒவ்வோர் ஆழத்திலும் ஒவ்வொரு வேகம். வரைந்தால் வில் மாதிரி வளைந்தது. ஓடியது துகள் அல்ல, நீர். மின்சாரம் பாய்ந்தால் கண்ணாடிச் சுவரை ஒட்டிய நீர் ஒரு பக்கம் நகரும். மூடிய செல் என்பதால் நடுவழியே திரும்பி வரும். நடுவில் பார்க்கிறவர் துகளின் வேகத்தோடு நீரின் வேகத்தையும் சேர்த்தே படிக்கிறார். சுவரிலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் மட்டும் நீர் நிற்கும். உண்மையான வேகம் அங்கேதான் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. அந்த ஓட்டம் வராமலிருக்க உள்சுவரில் பூச்சு பூசியிருக்கிறது என்ற தைரியத்தில் சபாஷ் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தார்.

அவர் அறையில் நடந்ததை அக்கா வீட்டுக்கு வந்து வரி விடாமல் சொன்னாள்.

"சார், பூச்சு போயிடுச்சு."

"எப்பப் போச்சு?"

"தெரியல. வாரா வாரம் ஆசிட்ல கழுவறோம். முதல் மாசமே போயிருக்கலாம்."

"அப்ப என் அட்டவணை தப்புங்கறியா?"

"என்னோட மூணு வருஷமும் தப்புங்கறேன். உங்களோடது எட்டு வருஷம்."

"நீயும் அதே நடுவுலதானம்மா பாத்த? அறிவு இருக்கறவ அன்னைக்கே கேட்டிருக்கணுமே."

"கேட்டேன் சார். நீங்க சபாஷ்னீங்க."

அவர் கோபப்படவில்லையாம். இருக்கிற அளவுகளோடு ஆய்வேட்டைக் கொடு, பட்டம் வாங்கு, பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றார். இவள் நான்காம் அத்தியாயமாக அந்த வில் வளைவைச் சேர்த்துக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஏட்டை நான்கு முறை கொடுத்தாள், நான்கு முறையும் திரும்பி வந்தது.

"ஒரே ஒரு அத்தியாயம்டி. எடுத்துட்டுப் போய்க் குடேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"அப்ப மீதி எல்லாம் பொய்யாயிடும்மா."

அவள், சபாஷ் இருவர் பெயரிலும் ஏற்கெனவே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாள். இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார். கடைசியில் தன் பங்கை மட்டும் திரும்பப் பெற்றாள். 'அக்கட்டுரையில் உள்ள என் அளவீடுகள் தவறான ஆழத்தில் எடுக்கப்பட்டவை' என்று இரண்டே பத்தி. அவளுடைய பெயர் மட்டும்.

அந்த இரண்டு பத்தி அவளை முடித்துவிட்டது. தப்புச் செய்தவள், தானே ஒத்துக்கொண்டவள் என்று துறை முழுக்கப் பேச்சு. சபாஷ் புது மாணவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டி, "அவசரப்பட்டா இதான் கதி" என்பாராம். பட்டம் இல்லாமல் அவள் வெளியே வந்தாள்.

சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே படிகாரத்தைக் குறைத்தாள்.

"என்னம்மா இது, மருந்தக் கொறச்சா கலங்கல் தெளியுது?" என்றார் பொறியாளர்.

"கூடப் போட்டா துகளுக்கு எதிர் மின்னூட்டம் ஏறிடும் சார். மறுபடி ஒண்ண ஒண்ணு தள்ளும்."

"அட்டவணையில அப்படி இல்லையே?"

"அது செவுத்துக்கு. அங்கயே இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷம் அங்கே இருந்தாள். உடன் வேலை பார்த்தவர்கள் மரியாதை வைத்திருந்தார்கள். யாரும் அன்பு வைத்ததாகத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. போன மாதம், வேலைக்குப் புறப்படும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். சபாஷ் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. கைத்தாங்கலாக மேடையேறி, குரல் தழுதழுக்கப் பேசினார். "தன் தப்பத் தானே ஒத்துக்கற மனசு எத்தன பேருக்கு வரும்? என் மாணவிக்கு வந்தது" என்றார். கை தட்டினார்கள். ஓர் இரங்கல் கூட்டத்தில் கைதட்டலை அன்றுதான் பார்த்தேன்.

முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"அவளோட லேப் நோட்டெல்லாம் வீட்லதானம்மா இருக்கு?"

"ஏழும் இருக்கு சார்."

"துறைக்குக் குடுத்துடேன். பத்திரமா இருக்கும். முக்கியமா முதல் நோட்டு."

ஏழு நோட்டில் முதல் நோட்டு மட்டும் ஏன் என்று அங்கே எனக்குப் புரியவில்லை. "பாக்கறேன் சார்" என்று வந்துவிட்டேன். வீட்டில் எடுத்துப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் அக்காவின் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: 'சுவரை ஒட்டி நீர் நகர்வதைச் சரிபார்க்க வேண்டாமா?' அதன் கீழே பச்சை மையில், பெரிய எழுத்தில், 'தேவையில்லை. நடுவில் வை. அங்கேதான் தெளிவாகத் தெரியும். சபாஷ்.' தேதி, கையெழுத்து.

இந்தப் பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான்காம் முறை ஏடு திரும்பி வந்தபோது, நடுவில் பார்க்கச் சொன்னது அவர்தான் என்பதற்குச் சாட்சி ஏதும் இல்லையா என்று கேட்டேன். "யாரு சொன்னாங்கன்னு காட்டி ஜெயிக்க நான் என்ன வக்கீலா? வேணும்னா அவரும் அளந்து பாக்கட்டும்" என்றாள். அவர் கடைசிவரை அளந்து பார்க்கவில்லை.

பக்கத்தை நகல் எடுத்துத் துறைத்தலைவருக்கும், பத்திரிகை ஆசிரியருக்கும், சபாஷுக்கும் அனுப்பிவிட்டேன். நோட்டுகளைத் தரப்போவதில்லை என்றும் எழுதினேன். இந்தக் காரியத்துக்காக அக்கா என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள். இருக்கட்டும். பொறுத்துக்கொண்டிருப்பேன்.