பதினொரு முதுகுகள்

ஹுனைஸுக்கு நாக்கு நீளம். பிரதேச சபையில் ஊராரின் குறைகளைக் கேட்கும் முறைப்பாட்டுக் கருமபீடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர், வடிகான் நாறுகிறது என்று வந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "நாறாத வடிகான் ஒண்டக் காட்டுங்க ஹாஜியார், நான் வந்து மோந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குத் தண்டனையாகத்தான் அவரை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே பழைய வாசிகசாலை அறைக்கு வெள்ளையடித்து, மாவட்டத்துக் கலைஞர்களின் படங்களை மாட்டி, ஓவியக்கூடம் என்று பலகையும் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் இனி அவருக்கு வேலை.

முதல் வாரம் கொட்டாவியிலேயே போனது. இரண்டாம் வாரம்தான் அவருக்கு ஒன்று விளங்கியது. கீழே வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே வருகிறவர்கள் நாளுக்கு மூன்று பேர்தான். அதில் ஒருவர் ஃபேனுக்குக் கீழே நிற்க வருகிறவர். ஆனால் போகும்போது மூவரும் சிரித்த முகத்தோடு போனார்கள். ஹுனைஸுக்கு அந்த அறை மேல் ஆசை வந்துவிட்டது. தண்டனை கொடுத்தவர்களுக்குக் கையேந்தி துஆச் செய்யலாமா என்றுகூட யோசித்தார்.

அப்போதுதான் சபையின் புதிய தவிசாளர் சொல்லியனுப்பினார்: மாத முடிவில் வந்து பார்ப்பாராம். ஆட்கள் வராவிட்டால் அந்த அறை சபை மண்டபத்துக் கதிரைகளை அடுக்கி வைக்கப் போய்விடுமாம். அறை போனால் ஹுனைஸ் மறுபடியும் கீழே, கருமபீடத்துக்கு.

அவரைக் காப்பாற்ற வந்தவர் அல்பொன்சா. கரைவலைக்காரர் ஒருவரின் மனைவி. தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட வந்தவர், கருமபீடத்தில் ஆளில்லாததால் பழைய ஆளைத் தேடி மேலே ஏறினார். நிக்கொலஸ் என்ற இளம் ஓவியர் வரைந்த படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பதினொரு பேர் கடலைப் பார்த்துக்கொண்டு கரைவலைக் கயிற்றை இழுக்கிறார்கள். ஒருவருக்கும் சட்டையில்லை, முகமும் தெரியாது. எல்லாம் முதுகுதான்.

"நானா, இது எங்கட வலை! இந்தா, நாலாவதா நிக்கிறது எங்கட ஆள்."

"முகமே தெரியலையே தங்கச்சி?"

"முகத்த ஆர் பாக்கிறது? பதினெட்டு வருசமா நான் எண்ணெய் தேய்க்கிற முதுகு."

அந்த வலையில் கயிற்றில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு, மாறி நிற்கமாட்டார்கள். அவருடைய புருசனின் இடம் நாலாவது. அதற்கு மேல் அத்தாட்சி எதற்கு? மறுநாள் வலைக்காரர்கள் எல்லோரும் வந்து தங்கள் தங்கள் முதுகைப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் மனைவிமார் வந்தார்கள். ஐந்தாவது முதுகுக்கும் ஆறாவது முதுகுக்கும் எது அகலம் என்று பெரிய சண்டை. பக்கத்துத் துறையிலிருந்து வேறொரு வலையின் ஆட்கள் வந்து, இது தங்களுடைய வலை என்று நின்றார்கள். ஹுனைஸ் சண்டையைத் தீர்ப்பாரா? "வடிவாப் பாருங்க, நாளைக்கும் வாங்க" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். வருகையாளர் புத்தகம் நிரம்பி, புதுக் கொப்பி வாங்க வேண்டியதாயிற்று.

மாதத்தின் கடைசி நாள் நிக்கொலஸே வந்தார். ஹுனைஸ் படிக்கட்டிலேயே அவரை மறித்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. இவங்க எந்த வலைக்காரங்க?"

நிக்கொலஸ் வெட்கப்பட்டார். "ஒருத்தருமில்ல நானா. வலை இழுக்கிறவங்க எனக்காக அசையாம நிப்பாங்களா? சலூன்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவில நிண்டு என்ட முதுகப் பாத்துத்தான் வரைஞ்சன். பதினொண்டும் நான்தான்."

ஹுனைஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! வாயத் திறந்திராதீங்க."

இருவரும் போனபோது உள்ளே நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில், கதிரை அடுக்கச் சுவரை அளக்க நாடாவோடு வந்த தவிசாளர். நாடாவை விரித்தவர் படத்தைக் கண்டதும் கையைத் தாழ்த்திவிட்டார்.

"அந்த ஒன்பதாவது ஆள்…" என்றார் மெதுவாக. "எங்கட வாப்பாவும் கயிறு இழுத்தவர். தோளச் சரிச்சிக்கிட்டு இப்பிடித்தான் நிப்பார். மௌத்தாகி, அடக்கம் செஞ்சு பன்னிரண்டு வருசம்." பிறகு ஓவியர் பக்கம் திரும்பினார். "நீங்க அவரக் கண்டிரிக்கீங்களா தம்பி?"

நிக்கொலஸ் ஹுனைஸைப் பார்த்தார். ஹுனைஸ் முகட்டைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இரண்டு கண்ணாடியைக்கூட விடவில்லை.

எல்லாம் முடிந்தது என்று ஹுனைஸ் நினைத்தார். முறைப்பாட்டுக் கருமபீடம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

தவிசாளர் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"முதுகு ஒங்கடதா இரிக்கலாம் தம்பி. ஆனா கயிறு இழுக்கிறது எங்கட வாப்பா."

"அப்ப நாலாவது?" என்று அல்பொன்சா சண்டைக்கு நிற்கிற குரலில் கேட்டார்.

"நாலாவது ஒங்கட மாப்புளதான். அதில என்ன சந்தேகம்?" என்று சொல்லிக்கொண்டே தவிசாளர் சுவரை அளக்காமலே நாடாவைச் சுருட்டினார்.